பிரேக்கில் காற்று எடுப்பது: வீட்டிலா, கராஜிலா? திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

பிரேக் ஒயிலை மாற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அடுத்த படியில் நின்றுவிடுகிறார்கள். ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் உள்ள நிப்பிளை (காற்றும் ஒயிலும் வெளியேறும் சிறு திருகை) திறக்கும் பழைய முறை போதுமா? தனியாகச் செய்ய ஒரு போத்தலும் ரியூப்பும் போதும் என்கிறார்களே, அது சரியா? உறிஞ்சும் பம்ப் வாங்கலாமா? அல்லது பேசாமல் கராஜில் விட்டுவிடலாமா? உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் பத்து, பதினைந்து வயதுக் கார்களை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பலர். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்கள் வராததால், இருக்கும் வண்டியையே காப்பாற்றி ஓட்டும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கருவியின் விலையைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எதற்காகக் காற்று எடுக்கிறீர்கள், நான்கு சக்கரத்து நிப்பிள்களும் அவிழ்கின்றனவா என்பவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடற்காற்று ஓயாமல் வீசும் இந்த ஊரில் பெரும்பாலும் முடிவைச் சொல்வது அந்தச் சிறிய நிப்பிள்தான்.

## பெடல் என்ன சொல்கிறது?

எந்த முறையையும் பார்ப்பதற்கு முன், எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டுப் பிறகு அழுத்திப் பிடியுங்கள்.

பெடல் மெத்தென்று அமுங்கித் திரும்பத் தள்ளினால் உள்ளே காற்று இருக்கலாம். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால், பின் சக்கர டிரம்மில் பிரேக் சூக்கள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். அவற்றைச் சரிசெய்யாமல் எத்தனை போத்தல் ஒயில் ஊற்றினாலும் பெடல் மேலே வராது. அழுத்திப் பிடித்த பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையங்கள் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கின்றன. இந்த மூன்றாவது நிலையில் வீட்டு முறைகளை ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

பெடல் நன்றாக இருக்கிறது, ஒயில் மட்டும் பழையது என்றால், அதுதான் வீட்டில் செய்ய மிகவும் ஏற்ற வேலை. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தரவரையறையின்படி, புதிய டொட் 3 (DOT 3, போத்தலில் எழுதியிருக்கும் தரம்) ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டொட் 4 ஒயிலில் இந்த எண்கள் 230, 155. திருகோணமலை நகருக்குள் ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது. உவர்மலை ஏற்றமும் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஏற்றமும் தவிர, பிரேக்கைச் சூடாக்கும் இறக்கம் இங்கே ஏது? பாடசாலை விடுமுறைக்கு நுவரெலியா போய், றம்பொடை வழியாகக் கண்டிப் பக்கம் இறங்கும்போதோ, மகியங்கனைக்கு 18 வளைவுகளில் இறங்கும்போதோதான் ஒயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், ஒயில் அமுங்காது. பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. காருக்குள் குடும்பமே இருக்கும் நேரம் அது.

வருடாந்த வாகன அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது தனியார் கார்களுக்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறார்கள். பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை ஒயிலை மாற்றும் பொறுப்பு உரிமையாளருடையது.

## எதை வைத்து எடை போடுவது

நிப்பிள். வேலை நாளுக்கு முந்திய மாலையில் நான்கு நிப்பிள்களையும் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, துரு இளக்கும் எண்ணெயை அடியில் விட்டு, இரவு ஊறவையுங்கள். டிஸ்க்கிலோ பிரேக் சூவிலோ ஒரு துளி எண்ணெயும் படக்கூடாது. காலையில் ஆறு முகமுள்ள 8 அல்லது 10 மில்லிமீற்றர் சொக்கெட்டால் அவிழ்த்துப் பாருங்கள். சாதாரணத் திறந்தவாய் ஸ்பனர் துருப்பிடித்த நிப்பிளின் முனைகளை உருட்டிவிடும். மென்மையாகத் தட்டியும் அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்தால் நிப்பிள் முறியும். பிறகு கலிப்பரையோ (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) சக்கரச் சிலிண்டரையோ (டிரம்முக்குள் சூக்களைத் தள்ளும் பகுதி) மாற்ற வேண்டிவரும். வீட்டு முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மறைமுகச் செலவு இதுதான். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா நாளிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். உதிரிப்பாகக் கடை திறந்திருக்கும் நாளின் காலை நேரமே நல்லது.

வண்டியின் வகை. ஆல்டோ, பழைய நிசான் சன்னி, கொரோலா 121 போன்றவற்றில் சாதாரணப் பிரேக் அமைப்புத்தான்; வீட்டில் கை வைக்கலாம். பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக்கை மின்னணு அலகு இயக்குகிறது. கதவைத் திறந்தாலே அழுத்தத்தை ஏற்றத் தொடங்கும் அமைப்பு அது. காருடன் இணைக்கும் கணினிக் கருவி (ஸ்கேனர்) இல்லாமல் அதில் நிப்பிளைத் திறக்கவே கூடாது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சாதாரணக் காரில் ஒயிலை மாற்றலாம். ஆனால் எஞ்சின் அறையில் பிரேக் ஒயில் நிற்கும் ஒயில் தாங்கி ஒரு தடவை வற்றி ஏபிஎஸ் அலகுக்குள் காற்று போய்விட்டால், அதை வெளியே எடுக்கவும் கணினிக் கருவி தேவைப்படலாம்.

மாஸ்டர் சிலிண்டரின் வயது. இது பெடல் முறைக்கு மட்டும் பெரிய விஷயம். அங்கே சொல்கிறேன்.

இடம். மணல் முற்றத்தில் ஜாக் புதைந்து சாயும். சீமெந்துத் தரை வேண்டும், காருக்கு அடியில் இரும்புத் தாங்குகால்கள் வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்தாதீர்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் பிளக்கும். கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும் மதியத்தில் ஒயில் தாங்கியைத் திறந்து வைக்காதீர்கள். மார்கழி மழையிலும் வேண்டாம்.

ஒயில். தாங்கியின் மூடியில் எழுதியிருக்கும் தரத்தையே வாங்குங்கள். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். டொட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு அதைச் சேர்க்கக் கூடாது. அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை போதும். முன்பே திறந்து அலுமாரியில் கிடந்த போத்தல் வேண்டாம். மூடியிருந்தாலும் ஈரம் ஏறியிருக்கும்.

## இருவர் சேர்ந்து பெடல் மிதிப்பது

நம் கராஜ்களில் பெரும்பாலானவை இன்றும் செய்வது இதைத்தான். ஒரு தெளிந்த ரியூப், ஒரு போத்தல், ஒரு ஸ்பனர். காருக்குள் தம்பியோ மகளோ இருக்க, கீழே இருப்பவர் "மிதி" என்பார். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடித்துக்கொண்டு "பிடிச்சாச்சு" என்பார். நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஒயில் பாய்ந்ததும் மூடிவிட்டு "விடு" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். மூடுமுன் கால் எழுந்தால் காற்று உள்ளே போகும். இந்த மூன்று சொற்களையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது எந்தக் கருவியைவிடவும் உதவும்.

இதன் பலம், நிறையக் காற்று இருக்கும்போதும் அதைத் தள்ளி வெளியேற்றுவது. குழாயை மாற்றிய பிறகோ கலிப்பரைக் கழற்றிய பிறகோ நான் நம்பும் முறை இது.

மறைந்திருக்கும் செலவு மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிறது. அன்றாட ஓட்டத்தில் பெடல் பாதித் தூரத்துக்கு மேல் போவதில்லை. அதனால் சிலிண்டரின் மறுபாதியில் பல ஆண்டுத் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் வளையங்கள் அந்தக் கரடுமுரடான பகுதியில் உரசிக் கிழியும். காலையில் நன்றாக இருந்த பெடல் மாலையில் மெதுவாக இறங்கத் தொடங்கும்; செய்தவர் காற்று மிச்சம் இருப்பதாக நினைத்து மீண்டும் மீண்டும் மிதிப்பார். இதைத் தடுக்கச் செலவே இல்லை: பெடலுக்கு அடியில் தரையில் ஒரு மரத்துண்டை வையுங்கள், முழுத் தூரம் போகாது. மிதிப்பதும் மெதுவாக இருக்கட்டும். வேகமாகக் குத்தினால் காற்று சிறு குமிழிகளாக உடைந்து ஒயிலோடு கலந்து, வெளியேற அடம் பிடிக்கும்.

சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஓர் ஆள் வீட்டில் இருந்தால், சாதாரணக் காருக்கு முதல் தெரிவு இது.

## தனியாக, போத்தலும் ஒருவழி வால்வும்

நிப்பிளில் மாட்டும் ரியூப்பில் ஒருவழி வால்வு இருக்கும். அல்லது ரியூப்பின் நுனி போத்தலில் உள்ள புதிய ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும். நிப்பிளைச் சற்றுத் திறந்துவிட்டு நீங்களே காருக்குள் போய் மெதுவாக மிதிக்கலாம். கால் எழும்போது காற்றுத் திரும்பிப் போகாது என்பது கணக்கு.

அந்தக் கணக்கு முழுவதும் சரியில்லை. ரியூப் வழியாகத் திரும்பாத காற்று, தளர்ந்திருக்கும் நிப்பிளின் புரி வழியாக உள்ளே போகலாம். எனவே நிப்பிளை மிகக் குறைவாகத் திறக்க வேண்டும், ரியூப் நிப்பிளிலிருந்து முதலில் மேலே ஏறிப் பிறகு போத்தலுக்கு இறங்க வேண்டும், கடைசி இரண்டு மூன்று மிதிகளை யாரையாவது அழைத்து முறைப்படி மூடித் திறந்து முடிக்க வேண்டும். நீங்கள் காருக்குள் இருக்கும்போது தாங்கியில் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஐந்தாறு மிதிக்கு ஒரு தடவை இறங்கிப் பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு இது சரிவராது. மரத்துண்டு இங்கேயும் வேண்டும்.

ஒயிலை மட்டும் புதுப்பிக்க நினைக்கும், வீட்டில் துணையில்லாத ஒருவருக்கு இது மலிவான, போதுமான வழி. மெத்தென்ற பெடலைச் சரிசெய்ய இதை நம்ப மாட்டேன்.

## உறிஞ்சும் பம்ப்

கையால் இயக்கும் சிறிய பம்பை நிப்பிளில் பொருத்தி ஒயிலை இழுப்பது. மாஸ்டர் சிலிண்டர் அசையாது; அதனால் பழைய வண்டிக்கு நல்லது என்று விற்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. தாங்கியில் இருக்கும் கறுத்த ஒயிலை முதலில் உறிஞ்சி எடுக்கவும் அருமையாக உதவும்.

ஆனால் வாங்கியவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்று: குமிழி நிற்பதே இல்லை. அது பெரும்பாலும் பிரேக்குக்குள் இருக்கும் காற்று அல்ல. உறிஞ்சும்போது நிப்பிளின் புரியைச் சுற்றி வெளிக்காற்று நுழைந்து ரியூப்பில் குமிழியாகத் தெரிகிறது. அதை உண்மை என்று நம்பிப் போத்தல் போத்தலாக ஒயில் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். புரியின் வெளிப்புறத்தில் தடித்த சிலிக்கன் கிரீஸ் பூசினால் குறையும்; முழுவதும் நிற்காது. டிரம் பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. சக்கரச் சிலிண்டரின் ரப்பர் கப் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு விரிந்து அடைக்கும்படி செய்யப்பட்டது. மறுபக்கம் உறிஞ்சினால் அதன் விளிம்பைத் தாண்டிக் காற்று உள்ளே வரலாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்றிருக்கும் நம் சிறிய கார்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

மலிவான பம்புகளின் ரப்பர் வளையங்கள் விரைவில் தேயும். ஒரே ஒரு காருக்காக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு சக்கரமும் டிஸ்க் உள்ள வண்டி, தனியாள், ஆண்டுதோறும் செய்யும் பழக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால் வாங்கலாம்.

## மேலிருந்து அழுத்தம் கொடுப்பது

ஒயில் தாங்கியின் மூடிக்குப் பதிலாக ஒரு மூடியைப் பொருத்தி, சிறு கலனிலிருந்து 10 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தைச் செலுத்துவது. நிப்பிளைத் திறந்தால் ஒயில் தானே ஓடிவரும். தனியாகச் செய்யலாம், மாஸ்டர் சிலிண்டர் உரசாது, பொய்க்குமிழி இல்லை. எண்ணத்தில் எல்லாவற்றிலும் சிறந்தது இதுவே.

நடைமுறையில் தடை அந்த மூடிதான். ஐரோப்பியக் கார்களுக்குப் பொருந்தும் மூடி ஜப்பானிய, இந்தியக் கார்களுக்குப் பொருந்தாது. பொதுவான தட்டுமூடியைச் சங்கிலியால் கட்டினால் ஓரத்தில் கசியும். கசிந்த பிரேக் ஒயில் எஞ்சின் அறையிலும் மட்காட்டிலும் தெறித்து நிறப்பூச்சை உரித்துவிடும். அப்போது செலவு பெயின்ற் கடையில். ஆகவே முதலில் ஒயில் இல்லாமல் காற்றை மட்டும் செலுத்திப் பாருங்கள்; அழுத்தமானி பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பிறகு தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். தெறித்த இடத்தில் உடனே ஊற்றினால் ஒயில் கரைந்து போய்விடும்.

வயலுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பை இதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கந்தளாய், மூதூர்ப் பக்கத்தவர்கள் யோசிப்பது இயல்பு. பயன்படுத்திய பம்ப் கட்டாயம் வேண்டாம். மருந்தின் எச்சம் ஒரு பக்கம். அந்தப் பம்பின் ரப்பர் பிரேக் ஒயிலுக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. புதியதொன்றை வாங்கி, அதற்குள் ஒயில் ஊற்றாமல் காற்றை மட்டும் தாங்கிக்கு அனுப்பினால் வேலை நடக்கும். அப்போது தாங்கி வற்றாமல் அடிக்கடி நிறுத்தி நிரப்ப வேண்டும். அழுத்தத்தை முழுதாக இறக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

வீட்டில் இரண்டு மூன்று வண்டி வைத்திருப்பவர்களுக்கும், உறவினர் வண்டிகளையும் பார்த்துக்கொடுப்பவர்களுக்கும் இந்தச் செலவு வீண்போகாது.

## தானாக ஒழுகவிடுவது

நிப்பிளைத் திறந்து, ரியூப்பைப் போத்தலில் விட்டு, தாங்கியை நிரப்பிக்கொண்டே இருப்பது. செலவு இல்லை, எதையும் கெடுக்காது, மிக மெதுவானது. உயரமான வளைவில் சிக்கிய காற்றை இது அசைக்காது. ஒயில் மாற்ற மட்டும், நேரம் தாராளமாக இருப்பவருக்கு. ஆனால் பக்கத்தை விட்டு எழுந்து போகக் கூடாது.

## எந்தச் சக்கரம் முதலில்?

எந்த முறையானாலும் வழக்கம், மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவது. நம் வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் அது இடது பின்சக்கரம். பிறகு வலது பின், இடது முன், வலது முன். சில கார்களில் குழாய்கள் குறுக்காகப் பிரிவதால் ஒழுங்கு மாறும். கைநூல் சொல்வதே இறுதி. சில வான்களில் பின் அச்சுக்கு மேலே, சுமைக்கு ஏற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்றும் அதற்குத் தனி நிப்பிளும் இருக்கும். அதை மறந்தவர்கள் நாள் முழுவதும் சக்கரங்களையே சுற்றி வருவார்கள்.

எப்படிச் செய்தும் காற்று போகவில்லை என்றால் கலிப்பரைப் பாருங்கள். நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறிப் பொருத்தப்பட்டிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும்.

## கராஜ்

நிப்பிள் அவிழவில்லையா, ஹைபிரிட் வண்டியா, பெடல் இறங்கிக்கொண்டே போகிறதா, ஒயில் தாங்கி வற்றி ஏபிஎஸ்ஸில் காற்றா? இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் கராஜ்தான்; பெடல் இறங்கும் வண்டியை மட்டும் ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். துருப்பிடித்த நிப்பிளுக்குச் சூடு கொடுக்கவும், முறிந்தால் துளையிட்டு எடுக்கவும் அங்கே வழி உண்டு. மாற்று நிப்பிள்களைக் கையோடு வாங்கிப் போனால் இன்னும் நல்லது.

கராஜுக்கும் மறைமுகச் செலவு உண்டு. சில இடங்களில் தாங்கியில் மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் புதியதை ஊற்றிவிட்டு "ஒயில் மாற்றியாயிற்று" என்பார்கள். கலிப்பருக்குள் பழையதே நிற்கும். எந்த மாதத்தில் திறந்தது என்று தெரியாத பெரிய கானிலிருந்து ஊற்றுவதும் நடக்கும். எனவே மூடி உடையாத போத்தலை நீங்களே கொண்டுபோங்கள். நான்கு சக்கரத்திலும் எடுப்பீர்களா, பெடலுக்கு அடியில் கட்டை வைப்பீர்களா, என் வண்டிக்குக் கணினிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். முடிந்த பிறகு பழைய ஒயில் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள்; வண்டியிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பது கண்ணுக்குத் தெரியும்.

வீட்டில் எடுத்த பழைய ஒயிலை மணலில் ஊற்றாதீர்கள். நம் மணல் எதையும் தேக்கி வைக்காது, கிணறு சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. சோடாப் போத்தலிலும் விட்டுவைக்காதீர்கள், அது விஷம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் எழுதிய மூடிய கானில் சேர்த்து, கழிவு ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையத்தில் வேறாகக் கொடுங்கள்.

நிப்பிள்களைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, ரப்பர் தொப்பிகளை மாட்டுங்கள், தொலைந்திருந்தால் வாங்குங்கள். அடுத்த தடவை நிப்பிள் அவிழ்வதை உறுதிசெய்வது அந்தத் தொப்பிதான். எஞ்சின் நின்ற நிலையில் பெடல் கெட்டியாக இருக்க வேண்டும். எஞ்சினைத் தொடக்கியதும் கால் சற்றுக் கீழே போகும். அது மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டரின் வேலை, பயப்பட வேண்டாம். முதல் ஓட்டம் ஆள் நடமாட்டம் இல்லாத தட்டையான ஒழுங்கையில், நடைவேகத்தில். மறுநாள் காலை நான்கு நிப்பிளிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் இல்லை, தாங்கியின் மட்டமும் இறங்கவில்லை என்றால், சில நாட்கள் ஊருக்குள் ஓட்டிவிட்டு மலைநாட்டுப் பயணத்துக்குத் திகதி குறிக்கலாம்.